தானாகக் கற்றவனாம்!

ஒரு கண்காட்சியில் என் சிலைக்குக் கீழே சீட்டு ஒட்டியிருந்தார்கள்: 'தானாகக் கற்ற சிற்பி'. பறையடிக்கிற ஆள் அது. உடம்பு சுட்ட மண், கை இரண்டும் இரும்புக் குழாய். பாராட்டுதானேப்பா, உனக்கென்ன கோபம் என்கிறார்கள். கோபம்தான் தோழர்.

தானாக எவனய்யா கற்றான்? பெல் கொதிகலன் ஆலையும் பொன்மலை ரயில்வே பட்டறையும் இருக்கிற திருச்சியில் இரும்பை ஒட்டத் தெரிந்த கைக்கா பஞ்சம்? எனக்கு வெல்டிங் சொல்லித் தந்தவர் அரியமங்கலத்துப் பட்டறை அண்ணன் ஒருத்தர். மண் சொல்லித் தந்தவர் அய்யனாருக்குக் குதிரை செய்கிற வேளார். ஈர மண்ணுக்குள்ள கம்பியை வைக்காதேன்னு முதல் நாளே சொன்னார். நான் கேட்கவில்லை. மண் காயக் காயச் சுருங்கும், இரும்பு சுருங்காது, வெடித்தது. இப்போது மண்ணைத் தனியாகச் சுட்டு, காயலான் கடைக் குழாயைத் தனியாக வளைத்து, அப்புறம்தான் பூட்டுகிறேன். கல்லூரி வாத்தியார் சொன்னால் பயிற்சி, வேளார் சொன்னால் 'தானாக'வா?

மீரா முகர்ஜி மியூனிக்கில் படித்தவர். பஸ்தர் பழங்குடி வார்ப்பாளர்களிடம் போய் உட்கார்ந்து கற்றார். மறைக்கவில்லை, உலோகக் கைவினைஞர்களைப் பற்றி 1978-ல் நூலே எழுதினார். அவர் கற்றதற்குப் பெயர் ஆய்வு.

பஞ்சலோக வார்ப்பு கற்க நானும் ஒரு பட்டறைக்குப் போனேன். ஊரைக் கேட்டார்கள். தெருவைக் கேட்டார்கள். இடமில்லை என்றார்கள். மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசி, சூடுகாட்டி மெழுகை வெளியேற்றி, அந்தக் குழிவில்தான் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் இல்லாமல் எந்த உற்சவருக்கும் மேனி கிடையாது. மண் தீட்டில்லை, அதை மிதித்துப் பிசைகிறவன் தீட்டு!

ஸ்ரீரங்கத்தில் இது பழைய பழக்கம். உறையூர்த் திருப்பாணாழ்வாரைக் காவிரிக்கரையில் கல்லால் அடித்த கதையை அவர்களே சொல்கிறார்கள். லோகசாரங்கர் தோளில் தூக்கிப்போன கதையையும் அவர்களே சொல்கிறார்கள். ஏன் தோளில்? நடந்து போனால் என்ன? தூக்கியது பெருமையாம், அவர் கால் தரையில் படாததைப் பற்றிப் பேச்சே இல்லை. உள்ளே போனவர் அரங்கனோடு கலந்துவிட்டாராம், திரும்பி வரவில்லை. இப்போது சிலையாக நிற்கிறார். சிலையானால் உள்ளே இருக்கலாம் போல.

கண்காட்சிச் சீட்டைக் கிழித்துவிட்டு நானே ஒன்று எழுதி ஒட்டினேன்: அரியமங்கலம் வெல்டிங் பட்டறை, வேளார் சூளை, காயலான் கடை. அமைப்பாளர் வந்து பார்த்தார். இவ்வளவுக்கு இடமில்லீங்க, சுருக்கமா ஒண்ணு எழுதித் தாங்க என்றார்.