தொண்ணூற்றொன்பது போதாது

நூறு வீடுகள் கொண்ட ஒரு கிராமம். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் வரும், கழிப்பறையும் குளியலறையும் கட்டிக்கொள்ளலாம், சம்மதமா என்று கேட்கிறார்கள். 99 வீட்டார் தலையாட்டுகிறார்கள். ஒரு வீட்டார் மட்டும் முடியாது என்கிறார். எந்த அரசு அலுவலகத்திலும் இதற்குப் பெயர் மகத்தான வெற்றி. புகைப்படம் எடுத்துக்கொண்டு அதிகாரிகள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் 1992இல் வகுத்துக்கொண்ட விதிப்படி, அது இன்னும் வேலை தொடங்கத் தகுதி பெறாத கிராமம். நூறாவது வீடும் சம்மதிக்கும்வரை ஒரு மூட்டை சிமெண்ட்கூட இறங்காது.

பிடிவாதம் என்று தோன்றலாம். பிடிவாதம்தான். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் குழாயும் கழிப்பறையும் வந்தது இந்தப் பிடிவாதத்தைக் கொண்டுதான்.

இந்தக் கதையின் தொடக்கம் சென்னையில் இருக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த ஜோ மடியாத் சென்னைப் பல்கலைக்கழக மாணவர் தலைவராக இருந்தவர். 1971இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்தில் வந்து குவிந்தபோது மாணவத் தொண்டர்களைத் திரட்டிக்கொண்டு அங்கே போனார். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் ஒரிசாக் கடற்கரையைப் (மாநிலத்தின் பெயர் அப்போது அதுதான்) புயல் சூறையாடியது. தொண்டர்களில் ஒரு பகுதியினர் அங்கே நகர்ந்தார்கள். நிவாரணம் முடிந்ததும் பெரும்பாலோர் வகுப்புக்குத் திரும்பினார்கள். மடியாத்தும் சிலரும் திரும்பவில்லை.

பாசன வசதி செய்து கொடுத்தால் ஏழைகள் நிமிர்ந்துவிடுவார்கள் என்பது அவர்களுடைய முதல் நம்பிக்கை. தண்ணீர் வந்தது, விளைச்சலும் வந்தது, லாபமோ நிலச்சொந்தக்காரரின் களஞ்சியத்துக்குப் போனது. வாரத்துக்கு உழுதவனுக்கு உழைப்பு கூடியதுதான் மிச்சம். பிறகு கஞ்சாம் மாவட்ட ஆதிவாசிகளிடையே பால் பண்ணை முயற்சி. பால் கறந்து விற்கும் பழக்கமே இல்லாத மக்களிடம் அது எடுபடவில்லை. 1979இல் கிராம் விகாஸ் முறைப்படி பதிவானது. 1980களில் சாண எரிவாயு. சுமார் பத்தாண்டுகளில் 50,000க்கும் அதிகமான கலன்களைக் கட்டி முடித்தார்கள். சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் சாண எரிவாயுவுக்குச் சாணம் வேண்டும், சாணத்துக்கு மாடு வேண்டும். மாடில்லாத வீட்டில் பழைய விறகடுப்பே புகைந்தது.

வளர்ச்சித் திட்டங்கள் எல்லாவற்றிலும் இந்த வியாதி உண்டு. உள்ளவனிடம்தான் அவை முதலில் போய்ச் சேருகின்றன, பெரும்பாலும் அங்கேயே தங்கியும் விடுகின்றன. ‘படிப்படியாகக் கீழே இறங்கும்’ என்று டில்லியில் சொல்லப்படும் படிகளில் கடைசிப் படியைக் கண்டவர் அபூர்வம்.

இதற்கிடையே கிராமங்களில் நோய்களைக் கணக்கெடுத்தபோது, மிகப் பெரும்பாலானவை கெட்ட தண்ணீராலும் திறந்தவெளியில் மலம் கழிப்பதாலும் வருபவை என்று தெரிந்தது. 1992இல் ஐந்து கிராமங்களில் புதிய திட்டம் தொடங்கியபோது பழைய பாடங்கள் அனைத்தும் ஒரே விதியாகத் திரண்டிருந்தன. எல்லோரும், அல்லது யாருமில்லை.

விதிக்குப் பின்னால் இருப்பது இரக்கமல்ல, கணக்கு. ஊரில் பத்துப் பேர் ஏரிக்கரையில் ஒதுங்கினாலும் அந்த ஏரி அசுத்தம்தான். மழை பெய்தால் அது ஊரார் அனைவரின் தண்ணீரிலும் கலக்கும். ஈக்கு வீட்டு வாசலில் சாதி கேட்கத் தெரியாது. ஆகவே மாளிகை வீட்டுக்காரர் தன் குழந்தைக்குப் பேதி வராமல் இருக்க வேண்டுமானால், தெருக்கோடியில் இருக்கும் கூலிக்காரர் வீட்டில் கழிப்பறை இருந்தாக வேண்டும். தன் வீட்டுக் கழிப்பறைக்கு எத்தனை பளிங்கு பதித்தாலும் பயனில்லை.

பண ஏற்பாட்டிலும் இதே தர்க்கம்தான். முதலில் கிராமமே ஒரு மூலநிதி சேர்க்க வேண்டும். வீட்டுக்குச் சராசரி 1,000 ரூபாய். சராசரி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வசதி உள்ளவர் கூடுதலாகப் போட வேண்டும், இல்லாதவர் குறைவாகப் போடலாம், ஆனால் ஒன்றும் போடாமல் இருக்க முடியாது. யார் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நிறுவனமல்ல, ஊர்க்கூட்டம். அந்தக் கூட்டங்கள் எப்படி நடந்திருக்கும் என்பதை எந்தக் கிராமத்துக்காரரும் ஊகிக்கலாம். கோயில் திருவிழா வரி பிரிப்பதே சண்டையில் முடிகிற நாடு இது. சேர்ந்த பணம் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போகும். முதலைத் தொடக்கூடாது. பின்னாளில் ஊரில் புதிதாக முளைக்கும் குடும்பங்களுக்கு இதே வசதியைச் செய்து தர உதவுவது வட்டி. நூற்றுக்கு நூறு என்பது திறப்புவிழா நாளோடு முடிந்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

அடுத்தது கட்டடம். மணல், கல், செங்கல், கூலியாள் வேலை எல்லாம் ஊராருடையது. சிமெண்ட், கம்பி, பீங்கான் கோப்பை, கதவு போன்ற வெளியிலிருந்து வரவேண்டிய பொருள்களுக்கு நிறுவனம் உதவும். உள்ளூர் இளைஞர்களுக்குக் கொத்து வேலை கற்றுத் தரப்படும், பெண்களுக்கும் சேர்த்து. ஒவ்வொரு வீட்டுக்கும் இரட்டைக் குழிக் கழிப்பறை, பக்கத்தில் குளியலறை, மூன்று குழாய்கள். மூன்றாவது குழாய் சமையல் இடத்துக்கு. ஏழைக்கு மட்டமான சரக்கு போதும் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. மண்சுவரும் கூரையுமாக நிற்கும் வீட்டின் பின்புறம், அந்த வீட்டைவிட உறுதியான கழிப்பறை நிற்கும் காட்சி கஞ்சாம் கிராமங்களில் சாதாரணம்.

கடைசிக் கழிப்பறையும் கட்டி முடிந்த பிறகுதான் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படும். முதலில் முடித்தவர் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அவர் சும்மா காத்திருக்க மாட்டார். முடிக்காத பக்கத்து வீட்டுக்காரரை நச்சரிப்பார், அல்லது அவருக்காக நாலு நாள் செங்கல் சுமப்பார். கிழவிகளும் விதவைகளும் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு ஊரே சேர்ந்து கட்டிக் கொடுக்கும் வழி இப்படித்தான் பிறந்தது.

சிக்கலான முடிச்சு பணமோ உழைப்போ அல்ல. தமிழில் ‘ஊர்’ என்றும் ‘சேரி’ என்றும் இரண்டு சொற்கள் இருப்பதுபோல ஒடிசாக் கிராமங்களில் தெருக்கள் ‘சாஹி’களாகப் பிரிந்து கிடக்கின்றன. இன்னார் சாஹி இன்னாருக்கு என்பது காலங்காலமான ஏற்பாடு. இன்னார் கிணற்றில் இன்னார் வாளி இறங்கக்கூடாது என்பதும் அப்படியே. இப்போது ஒரே தொட்டி. ஒரே நீர் ஒரே குழாய் வழியாக இரண்டு பக்கமும் ஓடும். தலித் வீட்டுக்குப் போகும் தண்ணீரும் தன் வீட்டுக்கு வரும் தண்ணீரும் ஒன்றுதான் என்பதை மேல்சாதிக்காரர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். ‘அவர்களுக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி கட்டிவிடலாமே, செலவை நாங்களே ஏற்கிறோம்’ என்பது போன்ற தாராள மனதுக்கு இந்த விதியில் இடமில்லை. பல ஊர்கள் இந்த இடத்தில் மாதக்கணக்கில் நின்றன. சில ஊர்கள் ஆண்டுக்கணக்கில்.

நகர்த்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருப்பதும், குளத்தில் சேலையோடு குளித்து ஈரத்தோடு வீடு திரும்புவதும், குடங்களோடு நடப்பதும் மேல்சாதிப் பெண்ணுக்கும் பொதுதான். வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்றால் அது யார் வீட்டு வழியாக வந்தால் என்ன என்று கேட்கும் துணிவு ஆண்களைவிட அவர்களுக்கு முதலில் வந்தது. பிற்பாடு கிராமக் குழுக்களில் பாதி இடம் பெண்களுக்கு என்றானது.

இந்த விதியால் சாதி ஒழிந்துவிட்டதாக யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். ஒரே குழாய்த் தண்ணீர் குடிப்பவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடவில்லை. இன்னொரு குறையும் உண்டு. ஒருவர் சம்மதிக்காவிட்டால் ஊரே நிற்கும் என்றால், அந்த ஒருவர் மீது ஊர் என்னென்ன நெருக்கடி கொடுக்கும் என்பதை யோசிக்க வேண்டும். கூலிக்காரருக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை எந்த அளவு நிஜம்? திறந்தவெளியில் ஒதுங்கினால் அபராதம் என்று ஊர்க்குழு விதித்தபோது அதைக் கட்டும் சக்தி யாருக்கு இருந்தது? இந்தக் கேள்விகளுக்கு நிறுவனத்தின் அறிக்கைகளில் அதிகம் பதில் கிடைக்காது. ஆனால் மாற்று வழியில், அதாவது வழக்கமான வழியில், நூறாவது வீட்டாரிடம் யாரும் எதையும் கேட்பதே இல்லை. இங்கே குறைந்தபட்சம் அவர் வாசலில் ஊர்ப் பெரியவர் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இதே கணக்கு வேறொரு வடிவில் முன்பே ஒருமுறை போடப்பட்டிருக்கிறது. சண்டிகரின் சுக்னா ஏரியில் வண்டல் சேர்ந்து தூர்ந்தபோது மண் அறிஞர் பி.ஆர். மிஸ்ரா அந்த வண்டலின் ஊற்றைத் தேடிக்கொண்டு சுகோமஜ்ரி என்ற கிராமத்துக்குப் போனார். ஆடுகள் மேய்ந்து மொட்டையான குன்றுகள்தான் காரணம். 1970களின் பிற்பாதியில் சிறு மண் அணைகள் கட்டிப் பாசனம் கொடுத்ததும் நிலம் உள்ளவர்களுக்கு மகிழ்ச்சி. நிலமில்லாதவர் ஏன் தன் ஆட்டைக் கட்டிப்போட வேண்டும்? நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு பங்கு தண்ணீர், வேண்டாதவர் அதை விற்றுக்கொள்ளலாம் என்று ஏற்பாடானது. அதன் பிறகு குன்றுக்கு வேலி தேவைப்படவில்லை. பின்னாளில் அந்தச் சமபங்கு தேய்ந்தது, ஊரின் புகழும் தேய்ந்தது.

ஒடிசாவுக்கே திரும்பினால், ஆராய்ச்சியாளர்கள் எடுத்த கணக்குகள் சுவாரஸ்யமானவை. பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களை வைத்து, அரசின் முழு சுகாதார இயக்கத்தைப் பற்றி நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. இயக்கம் நடந்த கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்திருந்தன. ஆனால் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை, குடற்புழுவும் குறையவில்லை. நூற்றில் 37 வீடு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கடினம். கழிப்பறை இருந்த வீடுகளிலும் எல்லோரும் அதைப் பயன்படுத்தவில்லை என்பது வேறு விஷயம். 2015இல் எஸ்தர் டுஃப்லோவும் (2019இல் நோபல் பெற்றவர்) சகாக்களும் கிராம் விகாஸ் கிராமங்களைப் பற்றி எழுதினார்கள். குழாயும் கழிப்பறையும் சேர்ந்து வந்த ஊர்களில், சிகிச்சை தேவைப்படும் வயிற்றுப்போக்கு 30 முதல் 50 சதவீதம்வரை குறைந்திருந்தது.

ஆரவாரம் செய்வதற்கு முன்னால் மூன்றாவது ஆய்வையும் பார்க்க வேண்டும். 2019இல் வெளியான அது, திட்டம் நிறைவேறிய 45 கிராமங்களையும் நிறைவேறாத 45 கிராமங்களையும் ஒப்பிட்டது. வயிற்றுப்போக்கில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் குழந்தைகள் சற்று உயரமாக வளர்ந்திருந்தார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. திட்டக் கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் சுமார் 85 சதவீதம். மற்ற கிராமங்களில் இருந்த சுமார் 18ஐ நினைத்தால் அது பெரிய எண்தான். ஆனால் நூறு அல்ல. நூற்றுக்கு நூறு என்று தொடங்கிய ஊர்களிலேயே ஆண்டுகள் போகப்போக வீடுகள் நழுவியிருக்கின்றன. மகன் தனிக்குடித்தனம் போகிறான், கோப்பை உடைகிறது, மோட்டார் பழுதாகிறது, ஊர்க்குழு கூடுவது குறைகிறது.

2019 ஆகஸ்ட் 15இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் முழக்கமும் ‘ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர்’ என்பதுதான். அப்போது குழாய் இருந்த கிராமப்புற வீடுகள் சுமார் 3.23 கோடி. அதன் பிறகு 12 கோடிக்கும் மேல் புதிய இணைப்புகள் கொடுக்கப்பட்டன. 2024 என்ற கெடு 2028க்குத் தள்ளிப்போனது. கஞ்சாமின் பாடங்கள் சில விதிமுறைகளில் ஏறியிருக்கின்றன. ஊருக்குள் ஆகும் செலவில் 10 சதவீதத்தை மக்கள் ஏற்க வேண்டும், மலைப்பகுதிகளிலும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மிகுந்த ஊர்களிலும் 5 சதவீதம். குடிநீர்க் குழுவில் பாதிப் பேர் பெண்கள். ஆனால் கடைசி வீடு முடியும்வரை முதல் வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது என்ற விதி மட்டும் ஏறவில்லை. அரசு அதை எழுதாது. முதல் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியும்.

அதற்குப் பதிலாக ஒரு சான்றிதழ் முறை இருக்கிறது. வேலை முடிந்ததாக அதிகாரிகள் தெரிவித்த பிறகு கிராம சபை கூடி, எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் குழாய் வந்துவிட்டது என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தீர்மானம் வாசிக்கப்படும்போது கடைசி சாஹியிலிருந்து வந்தவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் எழுந்து ‘எங்கள் தெருவுக்கு வரவில்லை’ என்று சொன்னால் அது பதிவேட்டில் ஏறுகிறதா என்பதைச் சான்றிதழ் சொல்வதில்லை.