உடுக்கின் இடை

சிறுபோக காலத்தில் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களைப் பார்த்தோர் வன்னி வெயிலின் கடுமையை அறிவர். கண்ணுக்குப் புலனாகாத ஊதா கடந்த கதிர்கள் உழவரின் தோலிலே பகல் முழுவதும் படுகின்றன. பரம்பரைச் செய்தியைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. என்னும் மூலக்கூறு அக்கதிர்களை நன்றாக உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சிய சக்தி உள்ளேயே தங்கினால் அது சிதைந்துவிடாதோ? பெரும்பாலும் சிதைவதில்லை. அதன் காரணத்தை இவ்வாரம் நாம் ஆராய்வோம்.

மூலக்கூறொன்றின் இலத்திரன்கள் பல நிலைகளில் இருக்கக்கூடும். அணுக்கள் சற்றே இடம் மாறும்போது ஒவ்வொரு நிலையின் சக்தியும் கூடும், குறையும். ஆகவே ஒவ்வொரு நிலையையும் ஏற்ற இறக்கம் நிறைந்த ஒரு நிலமாகக் கருதலாம். ஒளியை உறிஞ்சிய மூலக்கூறு மேல் நிலத்திற்கு ஏறிவிடுகிறது. இறங்க வழி வேண்டுமே! சில இடங்களில் மேல் நிலம் புனல்போல் ஒடுங்கி, கீழ் நிலத்தின் கூம்பு முனையைத் தொடுகிறது. அம்மன் கோயில்களில் ஒலிக்கும் உடுக்கை நினைவுகூருங்கள். அதன் ஒடுங்கிய இடையை ஒரு புள்ளியாகச் சுருக்கினால் அவ்விடம் தோன்றும். அதனைக் கூம்பு இடைவெட்டு எனலாம்.

இவ்வழியே மூலக்கூறு வழுக்கி இறங்கி, மிகைச் சக்தியை வெப்பமாக்கிச் சுற்றியுள்ள நீருக்குக் கொடுத்துவிடுகிறது. டி.என்.ஏ.யின் உறுப்புகளான காரங்கள் நீரில் தனித்திருக்கையில் இவ்விறக்கத்திற்கு ஆகும் நேரம், ஒரு செக்கனை இலட்சம் கோடி கூறாக்கினால் வரும் ஒரு கூறிலும் பெரும்பாலும் குறைவே. கேடு நிகழ அவகாசம் ஏது? ஆயினும் சிறு பங்கு தப்பித் தீங்கு செய்வதுண்டு. ஆதலின் வெயிலில் தலைப்பாகையும் சட்டையும் வேண்டாமென்று எவரும் கொள்ளற்க.

இப்புள்ளிக்கு மற்றொரு விந்தையும் உண்டு. கோயிலை ஒருமுறை வலம் வந்தால் புறப்பட்டவாறே திரும்புகிறோம். இப்புள்ளியைச் சுற்றி வலம் வரும் மூலக்கூறின் அணுக்களும் பழைய இடத்தையே அடைகின்றன. இலத்திரன் அலையோ குறி மாறி நிற்கிறது; முடி இருந்த இடத்தில் தாழி இருக்கும். இரண்டாம் சுற்றிலேதான் பழைய நிலை மீளும். இதனை 1958இல் இங்கிலாந்தில் லோங்கே-ஹிகின்ஸும் அவர்தம் தோழர்களும் எடுத்துக்காட்டினர்.

அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1956இல், பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 22 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் இதன் உடன்பிறப்பைக் கண்டிருந்தார். அவர் சர் சி. வி. இராமனின் மருமகனான எஸ். பஞ்சரத்தினம். பளிங்குகளினூடு செல்லும் முனைவாக்கிய ஒளியை அவர் ஆராய்ந்தார். முனைவு நிலையைச் சுற்றிக் கொணர்ந்து தொடங்கிய நிலையிலேயே சேர்த்தாலும், அலையின் கட்டம் விலகி நிற்பதைக் கண்டு, அவ்விலகலின் அளவையும் வகுத்தார். 1984இல் மைக்கேல் பெரி பொதுவிதியைக் கூறிய பின்னரே இரண்டும் ஒரே விதியின் இரு முகங்கள் எனத் தெளிவாயிற்று. 1986இல் இராமசேஷனும் நித்தியானந்தாவும் பஞ்சரத்தினத்தின் கட்டுரையை உலகுக்கு நினைவூட்டினர். இன்று அக்கட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதனைக் கேட்க அவர் இருக்கவில்லை. 1969இல், 35ஆம் வயதில், ஒக்ஸ்போர்ட்டில் காலமானார்.

முப்பதாண்டுகள் பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்த கட்டுரை அது. கண்டதைக் கண்டவாறே எழுதி அச்சேற்றியிருந்தமையால் அன்றோ பின்வந்தோர் அதனை எடுக்க முடிந்தது? 2009 வரையான இடப்பெயர்வுகளில் புத்தகமும் குறிப்பேடும் இழந்த வன்னி மக்களுக்கு ஓர் ஏட்டின் அருமையை நாம் உரைக்க வேண்டியதில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பௌதிகம் பயிலும் மாணவர், செய்முறைக் குறிப்பேட்டைத் திறக்கும்போது பஞ்சரத்தினத்தை எண்ணுவாராக.