களவு போகும் குரல்

சென்ற ஆண்டு எங்கள் ஊர் ஜமாஅத் மன்றத்துக்கு ஒரு குடும்ப வழக்கு வந்தது. மாமியார் தம் கைபேசியை மேசைமேல் வைத்து, ‘இதைக் கேளுங்கள்’ என்றார். துபாயிலிருக்கும் மகன், மனைவியோடு பேசியதை அவளறியாமல் பதிந்து தாய்க்கு அனுப்பியிருந்தான். “உங்க உம்மா முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கலே” என்ற அப்பெண்ணின் குரல் ஏழு அந்நிய ஆடவரின் செவிகளில் விழுந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு மூன்றிரவு கண்விழித்தவள், தன் மனக்குமுறலைக் கணவனிடமன்றி வேறு யாரிடம் கொட்டுவாள்? அதற்குமுன் அவன் என்ன கேட்டான் என்பது பதிவில் இல்லை, வெட்டப்பட்டிருந்தது. நானும் அந்த எழுவரில் ஒருவன். வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமே இதை எழுத வைக்கிறது.

‘ஆதாரம் வேண்டாமா?’ என்கிறார்கள். வேண்டும், யாருக்கு என்பதே கேள்வி. அடி உதைக்கும் வரதட்சிணை மிரட்டலுக்கும் ஆளான பெண், மிரட்டுகிறவனின் குரலைப் பதிந்து வைத்தால் அவளை நாம் குறை கூறோம். நாலு சுவருக்குள் அவளுக்கு வேறு சாட்சி ஏது? ஆனால் அலுப்பில் வந்த சொல்லையும் அழுகையில் வந்த சொல்லையும் சேர்த்துவைத்து, என்றேனும் உதவும் என்று பூட்டிவைப்பது ஆதாரமன்று, பதுக்கல்.

2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம், கணவன் மனைவியறியாமல் பதிந்த தொலைபேசி உரையாடலை மணவிலக்கு வழக்கில் சான்றாக ஏற்கலாம் எனத் தீர்ப்பளித்தது. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டதெனில், அது இல்லறம் முன்பே முறிந்துவிட்டதன் அறிகுறி என்பது நீதிபதிகளின் கருத்து. இதைச் சுட்டி, ‘சட்டமே அனுமதித்துவிட்டதே’ என்கிறார்கள் நம் இளைஞர்கள். நீதிமன்றம் பேசியது சான்றைப் பற்றி. வீட்டில் ஒற்றாடுவது நன்றென்று அது கூறவில்லை. அன்றியும், அக்கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. கைபேசி வாங்கிய அன்றே எல்லா அழைப்புகளையும் பதியுமாறு முடுக்கி வைக்கிறோமே, அன்று எந்த இல்லறம் முறிந்திருந்தது? மனைவி மட்டுமா? உம்மாவும் அக்காவும் பேசுவதும் அதே பெட்டிக்குள்தான் விழுகிறது.

அந்த மகன், தான் பிழைக்கப்போன நாட்டின் சட்டத்தையாவது அறிவானா? ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் சட்டம், பிறர் இசைவின்றி அவர்தம் அந்தரங்க உரையாடலைப் பதிவதைக் குற்றமென்கிறது. குறைந்தது 6 மாதச் சிறை, அல்லது 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும். 2024 அக்டோபரில் ஐபோனில் வந்த பதிவு வசதிகூட, தொடங்குமுன் இரு தரப்பினர் காதிலும் விழ அறிவித்துவிடுகிறது. இயந்திரத்துக்கு அவ்வளவு நாணம் உண்டு! அந்த அறிவிப்பை ஒடுக்க வழி உண்டா என்று கடைத்தெருவில் கேட்டு அலைகிறவனை என்னென்பது?

நாமும் குரலைப் பதிந்தவர்கள்தாம். 1980களில் சபுராளிக்குக் கடிதத்தோடு ஒலிநாடாவும் போகும். கூடத்தில் எல்லோரும் பார்க்கப் பொத்தானை அழுத்துவோம். பாட்டி தொண்டையைச் செருமி, ஸலாம் கூறி, ‘மகனே, நல்லா இருக்கியா’ என்று தொடங்குவார். மணமான புதுப்பெண் பேச வெட்கி எழுந்து போய்விடுவாள். அவள் மௌனத்தை யாரும் பதியவில்லை. பேசுகிறவர் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தாலே அச்சொல் அமானிதம் என்று ஹதீஸ் கேட்டு வளர்ந்தோம். தொலைபேசியில் திரும்பிப் பார்க்க அவளுக்கு இடமேது?

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறேன். கள்ளத்தனமாகப் பதிந்த குரலை இனி மன்றத்தில் ஒலிக்க விடாதீர்கள். மிரட்டலுக்குச் சான்று வைத்திருக்கும் பெண்ணைக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் துணையாக நின்று அழைத்துச் செல்லுங்கள். மற்றவற்றைக் கேளாமலே திருப்பிக் கொடுங்கள்.

அப்பெண் இப்போது தாய்வீட்டில் இருக்கிறாள். கணவன் அழைத்தால் எடுக்கிறாளாம். ‘ம்’ என்பதற்குமேல் ஒரு சொல்லும் பேசுவதில்லையாம்.