மன்னிப்புப் போதுமா?

கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரித்தே ஆகவேண்டும் என 2020 ஏப்ரல் 11ஆந் திகதிய வர்த்தமானி விதித்தது. எரிக்கலாம், புதைக்கவுஞ் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே கூறியிருந்தது. நம் அரசாங்கத்தாரோ நிலத்தடி நீர் கெடும் என்றனர்! பெயரிலேயே ஊற்றைச் சுமக்கும் எமது பாலையூற்றிலும் அயலிலும் சேமக்காலையும் மையவாடியும் நேற்று வந்தவையல்ல. கிணற்று நீரும் நேற்றுக் குடிக்கத் தொடங்கியதல்ல.

நீதி கேட்டுச் சென்றோரின் மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1ஆந் திகதி, காரணங் கூறாமலே தள்ளுபடி செய்தது. சட்டம் பயின்ற எமக்கு இன்றும் உறுத்துவது அந்த மௌனமே. அடுத்த வாரம், பிறந்து 20 நாளேயான முஸ்லிம் குழந்தையொன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். அவையும் இரவோடிரவாக அகற்றப்பட்டன. துணிக்குக்கூட அஞ்சிய ஆட்சி அது.

2021 பெப்ரவரி 25இல் தடை நீங்கிற்று. ஆயினும் சொந்த ஊர் மையவாடி கிடைத்ததா? ஜனாஸாக்களை ஓட்டமாவடிக்கு ஏற்றிச் செல்ல நேர்ந்தது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நல்லடக்கத்தால் நீர் மாசுறவில்லை எனக் கண்ட ஆய்வுகளையும் எடுத்துக்காட்டியது. அப்படியாயின், எரிக்கும்படி ஆலோசனை கூறியோர் யாவர்? எச்சான்றைக் கொண்டு கூறினர்? அவர்தம் அறிக்கைகளை முழுமையாக வெளியிடுமாறும், சாம்பலை மட்டும் கண்ட குடும்பங்களுக்கு நட்டஈடு வழங்குமாறும் யாம் கேட்கின்றோம். கட்டளையிடுவதற்கு வர்த்தமானியில் இடமிருந்ததே. காரணத்தை அச்சிட மட்டும் இடமில்லையா?