ராஜராஜன் காலமா? எனக்கு 1944 போதும்

போன வாரம் விடுதியில் மின்சாரம் போன நேரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. கால இயந்திரம் கிடைத்தால் உன் சொந்த மண்ணில் எந்தக் காலத்துக்குப் போவாய்? ஒரே ஒரு நாள்தான். மதுரைக்காரன் யோசிக்காமல் திருமலை நாயக்கர் என்றான். கோயமுத்தூர்க்காரன் ஊருக்கு முதல் பஞ்சாலை வந்த நாள் என்றான் (அவனுக்கு எதைக் கேட்டாலும் மில்தான்). என் முறை வருவதற்குள், "இவன் தஞ்சாவூர்ப் பக்கம், ராஜராஜன்தான், எழுதிக்கோ" என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் இல்லை என்றேன். ஏதோ ஊர்த் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். விளக்கம் சொல்வதற்குள் மின்சாரம் வந்து, ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த விளக்கம்தான் இது.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பொன்னியின் செல்வனை இரண்டு முறை படித்தவன் நான். 1010-ல், ராஜராஜன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தான் என்று கல்வெட்டு இருக்கிறது. நாள் கணக்கோடு இருப்பதால் கால இயந்திரத்தில் அடித்துவிட்டு நேரே போய் இறங்கலாம். சாப்பாட்டில் மிளகாய் இருக்காது, தக்காளி இருக்காது, காபியும் கிடையாது. ஒரு நாள்தானே, மிளகை வைத்துச் சமாளித்துவிடலாம்.

சிக்கல் வேறு இடத்தில். அங்கே போய் நான் யாராக நிற்பேன்?

அந்தக் கோயில் கல்வெட்டுகளை நிதானமாகப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள், யார் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று எல்லாம் வெட்டியிருக்கிறது. 2010-ல் ஆயிரமாவது ஆண்டு விழாவில் ஆயிரம் பேர் ஆடியபோது எல்லோரும் அந்த நானூறு பேரைத்தான் நினைத்துக்கொண்டார்கள். அதே கோயிலில் வேறு கல்வெட்டுகளும் உண்டு. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியல். அதில் வரி இல்லாத நிலம் என்று கழித்த இடங்களில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் வருகிறது. சேரிக்காரர்களுக்குச் சுடுகாடும் தனி. அங்கே இருந்தவர்களுக்குப் பெயர் கிடையாது. குளம் வாய்க்கால் மாதிரி அவர்களும் கழிவு நிலத்துக் கணக்கில் ஒரு வரி.

என் குடும்பம் இருந்திருந்தால் அந்த வரியில்தான் இருந்திருக்கும். இன்றைய கண்ணோடு அன்றைய காலத்தைப் பார்க்கக் கூடாது என்று நண்பன் ஒருவன் சொன்னான். சரி, பார்க்கவில்லை. கல்லில் இருப்பதைத்தான் படித்தேன்.

அதனால் நான் கேட்பது 1944, மன்னார்குடி. எங்கள் ஊருக்கு அதுதான் டவுன். கீழத்தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாளுக்குச் சவுக்கடி, சாணிப்பால் என்று இரண்டு தண்டனைகள் இருந்தன. இரண்டாவது, சாணியைக் கரைத்து ஆளைக் குடிக்க வைப்பது. வேலைக்கு நேரமாகி வந்தாலே போதும். தென் கன்னடத்தில் பிறந்து, இங்கே வந்து தமிழ் பேசக் கற்றுக்கொண்ட பி. சீனிவாசராவ் 1943-லிருந்து ஊர் ஊராகச் சங்கம் கட்டினார். அடுத்த ஆண்டு மன்னார்குடியில் மிராசுதார்களும் விவசாயிகள் சங்கமும் அதிகாரிகள் முன்னிலையில் ஒப்பந்தம் போட்டார்கள். சவுக்கும் சாணிப்பாலும் இனிக் கூடாது என்று காகிதத்தில் ஏறியது அப்போதுதான்.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல்தான் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அப்போதும் சண்டை கூலி நெல்லில்தான் தொடங்கியது. இவ்வளவும் பின்னால் வரும் என்று தெரிந்தேதான் 1944-க்கு டிக்கெட் கேட்கிறேன்.

காரணம் என் அப்பாயி. அவருக்கு அப்போது ஆறு வயது. தன் அப்பா பண்ணை வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "ஆண்டே" என்று நின்றது அவருக்கு நினைவிருக்கிறது. முதுகுத் தழும்பில் வேப்பெண்ணெய் தடவிவிட்டதும் நினைவிருக்கிறது. ஒப்பந்தம் பற்றிக் கேட்டால், "ஏதோ கூட்டம்னு போனாவோ, ராத்திரி திரும்பி வந்தாவோ, நான் தூங்கிட்டேன்டா" என்கிறார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் நடந்த மிகப் பெரிய விஷயத்தின்போது சாட்சி தூங்கிவிட்டது :)

ஒப்பந்தம் கையெழுத்தான இடத்தைக்கூட நான் பார்க்க வேண்டாம். மறுநாள் விடியற்காலை எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். அப்பாயியின் அப்பா அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவார். அன்று துண்டு இடுப்பில் இருந்ததா, தோளில் இருந்ததா என்று பார்த்துவிட்டு வந்து அப்பாயியிடம் சொல்ல வேண்டும்.