தத்தெடுத்தார்கள், குடியுரிமை வாங்க மறந்துவிட்டார்கள்

ஒரு வீட்டில் அக்கா, தம்பி என்று இரண்டு பிள்ளைகள். இருவரையும் குழந்தையாக இருந்தபோதே தென் கொரியாவிலிருந்து தத்தெடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். 2001 பிப்ரவரி 27 அன்று தம்பிக்கு 17 வயது, அக்காவுக்கு 19. அன்று காலை தம்பி தூங்கி எழுந்தபோது அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டான். அக்கா ஆகவில்லை. இது நான் கற்பனையாகச் சொல்லும் குடும்பம்தான். ஆனால் சட்டம் கற்பனை இல்லை.

அந்தச் சட்டத்தின் பெயர் குழந்தைகள் குடியுரிமைச் சட்டம், 2000. வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்து வந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் அமெரிக்கராக இருந்தால் தனியாக விண்ணப்பிக்காமலே குடியுரிமை கிடைக்கும். நல்ல சட்டம்தான். ஆனால் அது நடைமுறைக்கு வந்த நாளில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும் என்று ஒரு கோட்டைப் போட்டுவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

அதற்கு முன்பு என்ன நடந்தது? குழந்தை நிரந்தரவாசியாக, அதாவது கிரீன் கார்டோடு உள்ளே வரும். பிறகு அங்குள்ள மாநில நீதிமன்றத்தில் தத்து முடியும். அதற்கும் பிறகு பெற்றோர் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தென் கொரியாவிலிருந்து 1985-ல் மட்டும் 8,800-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளுக்குப் போனார்கள். அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. பல குழந்தைகளைப் பெற்றோர் நேரில் போய் அழைத்து வரக்கூட இல்லை, யாரோ ஒருவர் துணைக்கு வர விமானத்தில் வந்து இறங்கினார்கள். நீதிமன்றத் தீர்ப்பு கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்த பெற்றோர் உண்டு. தெரிந்தும் தள்ளிப் போட்டவர்களும் உண்டு. எப்படி இருந்தாலும், கையெழுத்துப் போடாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்டது நாலு வயதுக் குழந்தை!

இந்தியாவிலிருந்து போனவர்களுக்கும் இதே கதைதான். அப்போது வெளிநாட்டுக்காரர் இங்கே சட்டப்படி தத்தெடுக்க வழியில்லை. 1890-ம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின் கீழ் காப்பாளராக மட்டுமே ஆகலாம், தத்தெடுப்பதைத் தங்கள் நாட்டில் போய் முடித்துக்கொள்ள வேண்டும். 1984-ல் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விரிவான விதிமுறைகள் வகுத்தது. அதுவரை இருந்த நிலைக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் விமானம் ஏறிய பிறகு நடப்பதற்கு அடுத்த நாட்டைத்தானே நம்ப வேண்டியிருந்தது?

சரி, குடியுரிமை இல்லாவிட்டால் என்ன, கிரீன் கார்டு இருக்கிறதே என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பாஸ்போர்ட் கேட்டுப் போகும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. அதைவிட மோசம், 1996-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைக் கடுமையாக்கியது. அதன்பின் குடிமக்கள் அல்லாதவர்கள் சில குற்றங்களில் தண்டனை பெற்றால் நாடு கடத்துவது எளிதாகிவிட்டது. மூன்று வயதில் கொரியாவை விட்டுப் போன ஒருவரை, நாற்பது வயதுக்கு மேல், 2016-ல் அங்கேயே திருப்பி அனுப்பினார்கள்.

"தப்பு செய்தவனைத்தானே அனுப்புகிறார்கள்" என்று வகுப்பில் ஒரு நண்பன் சொன்னான். அதே வீட்டில் பிறந்த பிள்ளை அதே தப்பைச் செய்தால் ஜெயிலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருவான். தத்துப் பிள்ளை ஜெயிலுக்கும் போய், மொழி தெரியாத ஊருக்கும் போக வேண்டும். தத்து என்றால் சொந்தப் பிள்ளை மாதிரி என்று சட்டம் சொல்வதற்கு அப்புறம் என்ன அர்த்தம்? நண்பன் பதில் சொல்லவில்லை, கேன்டீனுக்குப் போகலாம் என்றான்.

சர்வதேச விதியாவது இதைக் கவனித்திருக்கும் என்று 1993 ஹேக் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். குழந்தை கடத்தலைத் தடுக்க வந்த முக்கியமான ஒப்பந்தம் அது. இந்தியா 2003-ல் அதை ஏற்றது, அமெரிக்காவில் 2008-ல் நடைமுறைக்கு வந்தது, தென் கொரியாவில் 2025 அக்டோபரில்தான். அதன் 5-வது பிரிவு, தத்தெடுக்கும் நாட்டில் நுழையவும் நிரந்தரமாக வசிக்கவும் குழந்தைக்கு அனுமதி உண்டு என்று அந்த நாடு உறுதி செய்யவேண்டும் என்கிறது. வசிக்க! குடிமகனாக்க வேண்டும் என்று இல்லை. இவ்வளவு யோசித்தவர்கள் ஏன் அங்கே நிறுத்தினார்கள்?

இப்போது வெளிநாட்டுத் தத்தே குறைந்துவிட்டது. அமெரிக்காவுக்கு 2004-ல் ஏறக்குறைய 23 ஆயிரம் குழந்தைகள் வந்தார்கள், 2023-ல் 1,300 கூட இல்லை. எத்தியோப்பியா 2018-ல் தடை செய்தது, சீனா 2024-ல் சில உறவுமுறைத் தத்துகளைத் தவிர மற்றதை நிறுத்திவிட்டது. புதிதாக வரும் குழந்தைகளுக்கு விதிகள் வருடா வருடம் இறுகுகின்றன, நல்லதுதான். ஏற்கெனவே வந்து வளர்ந்துவிட்டவர்களைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த வயதுக் கோட்டை அழிக்கும் மசோதா 2015-லிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. 2022-ல் ஒரு பெரிய மசோதாவோடு சேர்ந்து கீழ்ச்சபையில் நிறைவேறியது. கடைசியில் சட்டமானபோது அதில் அந்தப் பகுதி இல்லை.

என் கற்பனை அக்காவுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல். தம்பி ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை வாசலில் காரில் உட்கார்ந்திருப்பாள்.