கைபேசி சொன்னால் சட்டமாகிவிடுமா?



"153ஆவது விதி என்ன சொல்கிறது?" என்று உங்கள் பிள்ளை சாட்ஜிபிடியிடம் கேட்கிறான். "மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைக் காக்கிறது" என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். அது பாதி உண்மைதான்!

அவ்விதியின் முதல் உட்பிரிவு மாமன்னருக்கு இரண்டு பொறுப்புகளைத் தருகிறது. மலாய்க்காரர்கள், சபா, சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் சிறப்பு நிலையைக் காப்பது ஒன்று. மற்ற இனத்தவரின் நியாயமான நலன்களைக் காப்பது மற்றொன்று. நாம் அந்த இரண்டாவதில் இருக்கிறோம்.

ஏற்கெனவே எழுதிக் குவித்தவற்றைப் படித்துத்தான் இந்த இயந்திரம் பேசுகிறது. அதிகம் எழுதியவன் குரலே அதில் ஓங்கும். ஆகவே குறுக்கு விசாரணை செய்யுங்கள். "முழு வாசகத்தைக் கொடு. எதை விட்டாய்? சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் 8ஆவது விதி எங்கே?" அதே கேள்வியை மலாயிலும் கேட்டு ஒப்பிடுங்கள்.

ஒன்று கவனம். அழுத்திக் கேட்டால் அது நம் பக்கமும் சாயும். அதுவும் ஆதாரமாகாது. அரசியலமைப்புப் புத்தகத்தைப் புரட்டிச் சரிபாருங்கள்.

பாதிச் சட்டம் படித்த பிள்ளை, நாளை உயர்கல்வி இடத்துக்குக் கெஞ்சி நிற்பான். முழுச் சட்டம் தெரிந்தவன் உரிமையோடு கேட்பான். உங்கள் பிள்ளை எப்படி நிற்கவேண்டும்?